துலாம்பென்: கரையிலிருந்து நடந்தே போய் ஒரு கப்பலைப் பார்க்க முழுமையான வழிகாட்டி

பாலித் தீவின் வடகிழக்குக் கரையில், ஆகுங் எரிமலையின் அடிவாரத்தில் துலாம்பென் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே கரையிலிருந்து ஏறக்குறைய 40 மீட்டர் தூரத்தில், சுமார் 120 மீட்டர் நீளமுள்ள ஒரு சரக்குக் கப்பல் நீருக்கடியில் கிடக்கிறது. அதன் உச்சி ஐந்து மீட்டர் ஆழத்தில் தொடங்கும். அடி முப்பது மீட்டரைத் தொடும். படகு வேண்டாம், கடல் மயக்கத்துக்கு மாத்திரை வேண்டாம். காற்றுச் சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு நடந்து போய் இறங்கலாம்.

இவ்வளவு எளிதாகப் போய்விடலாம் என்பதாலேயே பலர் இதை அவசரமாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். தென் பாலியிலிருந்து காலையில் கிளம்பி, பத்து மணிக்கு வந்து, இரண்டு டைவ் முடித்து, மாலையில் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் கப்பலைப் பார்த்திருப்பார்கள். கப்பலில் குடியிருப்பவர்களில் பாதிப் பேரைப் பார்த்திருக்க மாட்டார்கள். துலாம்பெனில் ஆழத்தைவிட நேரம் முக்கியம், தூரத்தைவிட நிதானம் முக்கியம். அந்தக் கணக்கை மனத்தில் வைத்தே கீழே உள்ள படிகளை எழுதியிருக்கிறேன்.

இந்தக் கப்பல் இங்கே எப்படி வந்தது?

லிபர்ட்டி என்ற இந்தக் கப்பல் 1918இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கட்டப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் ரயில் உதிரிபாகங்களும் ரப்பரும் ஏற்றிக்கொண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து பிலிப்பைன்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1942 ஜனவரி 11 அன்று லம்போக் நீரிணை அருகே பின்னாளில் ஐ-166 என்று எண் மாறிய ஐ-66 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி அதை டார்பிடோவால் தாக்கியது. ஓர் அமெரிக்கப் போர்க்கப்பலும் ஒரு டச்சுப் போர்க்கப்பலும் அதைக் கட்டியிழுத்து, பாலியின் வடகரையில் உள்ள சிங்கராஜா துறைமுகத்துக்குக் கொண்டுபோகப் பார்த்தன. உள்ளே நீர் ஏறிக்கொண்டே வந்ததால் வழியிலேயே துலாம்பென் கரையில் தரைதட்டவிட்டார்கள். சரக்கையும் கழற்ற முடிந்த பாகங்களையும் எடுத்துக்கொண்டார்கள். வெறும் கூடு இருபது ஆண்டுகளுக்கு மேல் கரையிலேயே துருப்பிடித்துக் கிடந்தது. 1963இல் ஆகுங் வெடித்தபோது, அந்த அதிர்வில் கப்பல் சரிந்து கடலுக்குள் இறங்கியது.

போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கில் கட்டித் தள்ளப்பட்ட ‘லிபர்ட்டி வகை’ கப்பல்களில் இதுவும் ஒன்று என்று சில வழிகாட்டிகளே சொல்வார்கள். அது தவறு. அந்த வகைக் கப்பல்கள் 1941இலிருந்துதான் வந்தன. இது அவற்றுக்கெல்லாம் இருபது ஆண்டுக்கு மேல் மூத்தது.

கடல்வாழ் உயிர்கள் இங்கே இப்படிக் குவிந்திருப்பதற்கு இரண்டு காரணங்கள். துலாம்பெனின் கடலடி எரிமலைக் கருமணல் சரிவு. பவளமும் கடற்பாசியும் பற்றிக்கொள்ள அதில் பிடிமானம் கிடையாது. நடுவே வந்து விழுந்த இரும்புக் கூடு அவற்றுக்கு ஒரு வீட்டைக் கொடுத்தது. அடுத்தது, பசிபிக்கிலிருந்து இந்தியப் பெருங்கடலுக்குப் பாயும் நீரோட்டத்தில் ஒரு கிளை பக்கத்திலுள்ள லம்போக் நீரிணை வழியாகத்தான் போகிறது. உணவும் குஞ்சு உயிர்களும் அதோடு வந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் துலாம்பென் விரிகுடா நீரிணையிலிருந்து ஒதுங்கியிருப்பதால், பாலிக்குத் தென்கிழக்கே உள்ள நுசா பெனிடா தீவில் இருப்பதுபோன்ற மூர்க்கமான நீரோட்டம் இங்கே பெரும்பாலும் இருக்காது.

படி 1: நீங்கள் தயாரா என்று பாருங்கள்

டைவிங்கின் முதல் நிலையான ஓப்பன் வாட்டர் சான்றிதழ் இருந்தால் 18 மீட்டர் வரை போகலாம். இந்தக் கப்பலில் பார்க்க வேண்டியவற்றில் பெரும்பகுதி அந்த ஆழத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அடுத்த நிலையான அட்வான்ஸ்டு சான்றிதழ் இருந்தால் 30 மீட்டர் வரை போகலாம். சான்றிதழே இல்லாதவர்கள் பயிற்றுநரின் கைப்பிடியில் 12 மீட்டர் வரை ஓர் அறிமுக டைவ் செய்யலாம். கப்பலின் மேற்பகுதியைப் பார்க்க அதுவே போதும்.

புதுச்சேரியிலோ அந்தமானிலோ தியோமானிலோ படகிலிருந்து மல்லாந்து விழுந்து பழகியவர்களுக்குக் கரையிலிருந்து இறங்குவது வேறு வேலை. கடைசி டைவ் முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால், முதல் நாள் ஆழமில்லாத பவளத் தோட்டத்தில் ஒரு மறுபயிற்சி எடுத்துவிட்டுக் கப்பலுக்குப் போங்கள்.

உடல்நலப் படிவத்தில் உண்மையை எழுதுங்கள். ஆஸ்துமா, இதய நோய், காது அறுவை, வலிப்பு ஆகியவற்றில் எது இருந்தாலும் ஊரிலேயே மருத்துவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். துலாம்பென் வந்த பிறகு அதற்கு ஆள் தேடி அலைய வேண்டியிருக்கும். சளி பிடித்திருந்தால் டைவ் கிடையாது. மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குகிறவர்களும் உண்டு. பாதியில் மாத்திரையின் வேகம் குறைந்தால், மேலே வரும்போது காதுக்குள் காற்று சிக்கிக்கொள்ளும்.

டைவிங்குக்கான காப்பீடு தனியாக எடுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பல இதைச் சேர்ப்பதில்லை. ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் மேலே வரும்போது குமிழியாவதால் வருவது அழுத்த நோய். அதற்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை டென்பசாரில், முன்பு சாங்லா என்றழைக்கப்பட்ட அரசு மருத்துவமனையில் இருக்கிறது. துலாம்பெனிலிருந்து சாலை வழியாக இரண்டரை மணி நேரமாவது ஆகும். டைவ் மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் கேட்பது, “ஆக்சிஜன் பெட்டி இருக்கிறதா, காட்ட முடியுமா?” என்பதைத்தான். கேள்வியைக் கேட்டதும் எழுந்து போய் எடுத்துவந்து காட்டும் இடம் நல்ல இடம்.

படி 2: மாதத்தையும் நேரத்தையும் தேர்ந்தெடுங்கள்

ஏப்ரல் முதல் நவம்பர் வரை வறண்ட காலம். டிசம்பர் முதல் மார்ச் வரை மழை. ஓடைகள் சேற்றைக் கடலில் கொட்டும், அலையும் ஏறும். ஜனவரி, பிப்ரவரியில் கரையில் இறங்கவே முடியாத நாட்கள் வரும். நீரின் வெப்பம் பெரும்பாலும் 27 முதல் 29 டிகிரி. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை சில டிகிரி குறையும். நம் ஊர் உடம்புக்கு அது நன்றாகவே குளிரும். அந்த மாதங்களில் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடை) கேளுங்கள், மற்ற மாதங்களில் 3 போதும்.

பாலியின் புத்தாண்டான நியெப்பி நாளைக் காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். பொதுவாக மார்ச்சில் வரும். அன்று தீவு முழுவதும் ஒரு நாள் அடங்கிவிடும். விமான நிலையமே மூடியிருக்கும், யாரும் வெளியே வரக்கூடாது, டைவும் இல்லை.

மாதத்தைவிட முக்கியமானது நேரம். விடியற்காலை ஆறு, ஆறேகாலுக்கு நீரில் இருக்க வேண்டும். ஒன்பது, பத்து மணிக்கு மேல் பகல் பயணிகளின் வேன்கள் வரிசையாக வந்து நிற்கும். கப்பலைச் சுற்றி மீனைவிட, காலில் மாட்டும் நீச்சல் துடுப்பான ஃபின் அதிகமாகத் தெரியும். மதியம் மூன்றுக்கு மேல் மறுபடி அமைதியாகும். அதனால் துலாம்பெனிலேயே இரண்டு இரவாவது தங்குங்கள். அறைகள் ஆடம்பரமாக இருக்காது, ஊரில் டைவைத் தவிர வேறு பொழுதுபோக்கும் கிடையாது. அது ஒரு குறை என்று எனக்குத் தோன்றியதில்லை.

விமான நிலையத்திலிருந்து காரில் வர சுமார் மூன்று மணி நேரம் ஆகும். சைவச் சாப்பாட்டுக்காரர்கள் தெம்பே, தோஃபு, தேங்காய்த் துருவல் போட்ட உராப் காய்கறி என்று சமாளித்துவிடலாம். லாவார் என்பது மட்டும் காய்கறிப் பொரியல்போலத் தோன்றும். பெரும்பாலும் பன்றி இறைச்சி சேர்ந்திருக்கும், சிலவற்றில் இரத்தமும் இருக்கும். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

படி 3: சாதனங்கள்

பெரும்பாலானவற்றை வாடகைக்கே எடுக்கலாம். கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி மாஸ்க் மட்டும் சொந்தமாக இருக்கட்டும். முகத்துக்குப் பொருந்தாத மாஸ்க் ஒரு டைவையே பாழாக்கும். மீசை வைத்திருப்பவர்கள் மேல் உதட்டருகே கொஞ்சம் வாசலின் தடவிக்கொண்டால் கசிவு குறையும்.

துலாம்பெனுக்கென்றே வேண்டிய ஒரு பொருள், பூட்டி என்ற, தடித்த அடியுள்ள நீர்க் காலணி. இந்தக் கரையில் மணல் குறைவு. கைமுட்டி அளவிலிருந்து தலையளவு வரை உருண்டைக் கருங்கற்கள்தான். பூட்டியோடு போடும், பின்பக்கம் பட்டை வைத்த ஃபின்னைக் கேளுங்கள். வெறுங்காலில் மாட்டும் ஃபின் படகு டைவுக்குச் சரி, இங்கே உதவாது.

ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டும் டைவ் கம்ப்யூட்டர் ஆளுக்கொன்று வேண்டும். “வழிகாட்டியிடம் இருக்கிறதே” என்பது பதில் ஆகாது. அவர் ஆழம் வேறு, உங்கள் ஆழம் வேறு. மேலே வரும்போது தூக்கிக் காட்டும் மிதவைக் குழாய், ஒரு சிறு டார்ச், மணிக்கட்டில் திசைகாட்டி ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கப்பலின் பொந்துகளில் நிறம் பார்க்கப் பகலிலும் டார்ச் வேண்டும். பத்து மீட்டருக்குக் கீழே சிவப்பெல்லாம் சாம்பலாகத்தான் தெரியும். விளக்கடித்த பிறகுதான் அந்த இரும்பு எவ்வளவு வண்ணம் போர்த்தியிருக்கிறது என்று தெரியும்.

சிலிண்டரை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. ஊர்ப் பெண்கள் சுமைதூக்கும் குழுவாகச் சேர்ந்து, தலையில் சும்மாடு வைத்து, நிரப்பிய சிலிண்டர்களை அந்தக் கற்கள் மேல் கரைக்குக் கொண்டுபோய் வைக்கிறார்கள். ஒரு சிலிண்டரே பதினைந்து கிலோவுக்கு மேல். இரண்டை ஒன்றாகத் தூக்கிப் போகிறவர்களும் உண்டு. அவர்களை ‘இபு’ (அம்மா) என்று அழைப்பது மரியாதை. கூலி டைவ் கட்டணத்தில் சேர்ந்திருக்கிறதா என்று மையத்தில் கேளுங்கள். சேர்ந்திருந்தாலும் கையில் தனியாகக் கொஞ்சம் கொடுப்பது நியாயம்.

படி 4: இறங்குமுன் ஐந்து நிமிடம் கடலைப் பாருங்கள்

சாதனத்தை மாட்டுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். மாட்டிய பிறகு வெயிலும் பாரமும் அவசரப்படுத்தும். அலைகள் கூட்டம் கூட்டமாக வரும். சில பெரியவை, பிறகு ஓர் இடைவெளி. அந்த இடைவெளி எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று எண்ணுங்கள். கரையில் உடைந்த நீர் திரும்பும்போது கற்கள் கடகடவென்று உருளும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் பலமாக இருந்தால் காலடியில் கல் நகரும் என்று பொருள். அலை இடுப்புக்கு மேல் உடைந்தால் அந்த டைவை விட்டுவிடுங்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்து வந்தோமே என்ற எண்ணம் வரத்தான் செய்யும். மதியம்வரை பொறுத்தால் பல நாட்களில் கடல் தணிந்துவிடும்.

வேறு குழுக்கள் மேலே வரும்போது எந்தப் பக்கம் தள்ளப்பட்டு வருகிறார்கள் என்று கவனித்தால் நீரோட்டத்தின் திசை தெரியும். கரைக்கு நேர் எதிர்த்திசையைத் திசைகாட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே திசை மறந்தாலும் துலாம்பெனில் ஒரு வசதி உண்டு: தரை ஒரே சீராகச் சரிகிறது. மணல் ஏறும் பக்கம் போனால் கரை வந்துவிடும்.

துணையுடன் சேர்ந்து சோதனை செய்யுங்கள்: காற்றேற்றி மிதப்பைச் சரிசெய்யும் மேலங்கியான பிசிடியில் காற்று ஏறுகிறதா, இறங்குகிறதா, எடைப்பட்டையின் கொக்கி எந்தப் பக்கம் திறக்கிறது, சிலிண்டர் வால்வு முழுக்கத் திறந்திருக்கிறதா, வாயில் வைத்து மூச்சிழுக்கும் ரெகுலேட்டர்கள் இரண்டிலும் மூச்சு வருகிறதா. அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே மூச்சிழுங்கள். முள் துள்ளினால் வால்வு சரியாகத் திறக்கவில்லை.

படி 5: முதல் பத்து அடி

துலாம்பெனில் விழுகிறவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் விழுகிறார்கள். முழங்கால் சிராய்ப்பு, கணுக்கால் சுளுக்கு, உருண்டு போன மாஸ்க் எல்லாம் ஒரு மீட்டர் ஆழத்துக்குள் நடப்பவை.

பிசிடியில் பாதிக்கு மேல் காற்றேற்றுங்கள். மாஸ்க் முகத்தில் இருக்கட்டும், ரெகுலேட்டர் வாயில் இருக்கட்டும். “நீருக்குள் போனதும் போட்டுக்கொள்கிறேன்” என்று கழுத்தில் தொங்கவிடாதீர்கள். விழுந்தாலும் வாயில் காற்று இருந்தால் அது வெறும் குளியல்தான். ஃபின் இரண்டையும் ஒரு கையில் கோத்துக்கொள்ளுங்கள். அடுத்த கை துணையின் தோளிலோ வழிகாட்டியின் கையிலோ இருக்கட்டும். கேமராவை வழிகாட்டியிடம் கொடுத்துவிடுங்கள்.

அலை வரும் திசைக்குப் பக்கவாட்டாக நில்லுங்கள். மார்பை முழுக்கக் காட்டினால் அது உங்களைப் பின்னால் தள்ளும். பாதத்தைத் தூக்கி வைக்காமல் கற்களின் மேல் தேய்த்துத் தேய்த்து நகருங்கள். பெரிய அலைகளின் கூட்டம் முடிந்ததும் கிளம்பி, நிற்காமல் போங்கள். முழங்கால் ஆழத்தில் நின்று கண்ணாடியைத் துடைப்பதுதான் மிக மோசமான முடிவு. அலை உடையும் இடமே அதுதான். இடுப்பளவு ஆழம் வந்ததும் அப்படியே மல்லாந்து மிதந்து, இரண்டு உதை போட்டு வெளியே வாருங்கள். அலை உடையும் கோட்டைத் தாண்டிய பிறகு மிதந்தபடியே ஃபின்னை மாட்டலாம்.

வழியில் விழுந்துவிட்டால் எழ முயலாதீர்கள். ஆழம் போதுமானால் தவழ்ந்தே போய்விடுங்கள். பார்ப்பதற்கு அழகாக இருக்காது, ஆனால் யாரும் சிரிக்க மாட்டார்கள். அங்கே எல்லோரும் ஒருமுறை தவழ்ந்தவர்கள்தான்.

படி 6: எடையைச் சரிபார்த்து இறங்குங்கள்

வெளியே வந்ததும் மிதப்பைப் பாருங்கள். பிசிடியைக் காலிசெய்து, சாதாரணமாக மூச்சைப் பிடித்தால் நீர்மட்டம் கண்ணளவில் நிற்க வேண்டும். மூச்சை விட்டால் மெதுவாக மூழ்க வேண்டும். இங்கே பொதுவாகத் தருவது அலுமினியச் சிலிண்டர். காற்றழுத்த அளவில் 200 பாரிலிருந்து 50 பார் வரை மூச்சிழுத்து முடிக்கும்போது அது சுமார் இரண்டு கிலோ இலகுவாகிவிடும். அதனால் தொடக்கத்தில் கச்சிதமாக இருந்தால் முடிவில் மிதந்துவிடுவீர்கள். மேலே வருமுன் ஐந்து மீட்டரில் சற்று நிற்கும் கடைசிப் பாதுகாப்பு நிறுத்தத்தையும் கணக்கில் கொண்டு எடை போடுங்கள். பயத்தில் இரண்டு கிலோ கூடுதலாகப் போட்டுக்கொள்வது அதைவிடக் கெட்ட பழக்கம். டைவ் முழுவதும் பிசிடியில் காற்றை ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பீர்கள், காலும் பவளத்தில் இடிக்கும்.

சரிவோடு ஒட்டி இறங்குவதால் காது அடைப்பை விடுவிக்க நிறைய நேரம் கிடைக்கும். வலி வருமுன்பே, ஒவ்வோர் அடிக்கும் மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதுங்கள். வலித்தால் ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயலுங்கள்.

படி 7: காற்றுக் கணக்கும் வழியும்

11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் 2,200 லிட்டர் காற்று. கரைக்கு மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர், 10 மீட்டரில் 40 லிட்டரும் 20 மீட்டரில் 60 லிட்டரும் இழுப்பார். 60 பாரில் முடிப்பதாக வைத்துக்கொண்டால், செலவழிக்கக் கையில் இருப்பது 1,540 லிட்டர். அது 20 மீட்டரில் 25 நிமிடத்துக்கு வரும், 10 மீட்டரில் 38 நிமிடத்துக்கு வரும். நைட்ரஜன் கணக்கும் அதே பக்கம்தான் சாய்கிறது. பலர் பயிற்சியில் பார்த்த அட்டவணைப்படி, முதல் டைவில் 30 மீட்டரில் 20 நிமிடம்தான் இருக்கலாம். 18 மீட்டரில் 56 நிமிடம் இருக்கலாம்.

எனவே ஆழமான பகுதியை முதலில் சுருக்கமாக முடியுங்கள். கப்பலின் கடற்பக்க அடியோரமாக, நீரோட்டத்துக்கு எதிராகத் தொடங்கிப் போங்கள். 120 பார் ஆனதும் மேலேறித் திரும்புங்கள். 80 பார் இருக்கும்போது கப்பலின் உச்சியில், எட்டு மீட்டருக்கு மேலே இருக்க வேண்டும். மிச்ச நேரத்தையெல்லாம் அங்கேயே செலவழியுங்கள். சூரிய ஒளி விழும் அந்த மேற்பகுதியில்தான் பவளமும் மீனும் மிக அடர்த்தி. ஐந்து மீட்டரில் மூன்று நிமிடப் பாதுகாப்பு நிறுத்தம் மற்ற இடங்களில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பொழுதைப் போக்கும் வேலை. இங்கே அதுவும் வேடிக்கைதான்.

கப்பல் பல இடங்களில் உடைந்து திறந்து கிடக்கிறது. வெளிச்சம் இரண்டு பக்கமும் தெரியும் வளைவுகளை வழிகாட்டியோடு கடக்கலாம். இருட்டான அறைகளுக்குள் தலையை நுழைக்க வேண்டாம். தனிப் பயிற்சி தேவைப்படும் டைவ் அது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட இரும்பு, எங்கே பெயரும் என்று சொல்ல முடியாது.

படி 8: யார் யாரைப் பார்க்கலாம்?

விடியற்காலை டைவின் நாயகர்கள் புடைநெற்றிக் கிளிஞ்சான் மீன்கள். நெற்றியில் பெரிய புடைப்பும், கிளி மூக்குபோல் பல்லும் கொண்ட இவை ஒன்றரை முழத்துக்குக் குறையாமல் இருக்கும், பெரியவை 1.3 மீட்டர் நீளமும் நாற்பது கிலோவுக்கு மேல் எடையும் வரை வளரும். இரவில் கப்பலின் மறைவில் உறங்கிவிட்டு, வெளிச்சம் வந்ததும் கூட்டமாகக் கிளம்பும். அவை பவளத்தைக் கடிக்கும் சத்தம் நீருக்குள் கேட்கும். கடித்துத் தின்றதை மணலாக வெளியேற்றும். பின்னால் நீந்தினால் உங்கள் மேலேயே கொட்டும். ஏழரை மணிக்குள் பெரும்பாலும் கிளம்பிவிடுவதால், தாமதமாக வருகிறவர்களுக்கு இந்தக் காட்சி இல்லை.

பெருங்கண் பாரை மீன்கள் நூற்றுக்கணக்கில் சுழன்றுகொண்டிருக்கும். துரத்தினால் கூட்டம் உடையும். ஒரே இடத்தில் மிதந்து, குமிழிகளை நிதானமாக விட்டால், சில நிமிடங்களில் வட்டம் உங்களைச் சுற்றியே அமையும். மேலே தனியாக ஒரு பெரிய சீலா மீன் நின்றுகொண்டிருக்கலாம். வாயைத் திறந்து திறந்து மூடுவது அதன் இயல்பு, மிரட்டல் இல்லை.

மணல் சரிவில், கப்பலுக்குப் போகும் வழியில், தோட்ட விலாங்குகள் பாதி உடம்பை நிமிர்த்தி ஆடிக்கொண்டிருக்கும். நெருங்கினால் ஒன்றன்பின் ஒன்றாக மணலுக்குள் இறங்கிவிடும். பெரும்பாலானோர் கப்பலை நோக்கி வேகமாகப் போவதால், இவை இருந்த இடத்தில் வெறும் மணலைத்தான் பார்க்கிறார்கள்.

விசிறிபோல் விரியும் பவளமான கடல் விசிறிகளில் குறுங்கடல்குதிரை இருக்கும். பெரும்பாலும் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. நிறமும் மேடுபள்ளமும் விசிறியின் மொட்டுகளைப் போலவே இருக்கும். தனியாகக் கண்டுபிடிக்க முடியாது, வழிகாட்டி காட்டுவார். படம் எடுப்பவர்கள் ஓரிரு படத்தோடு நகர்ந்துவிடுங்கள். அதற்கு இமை கிடையாது, ஒளியிலிருந்து ஓடவும் முடியாது.

பொந்துகளில் அஞ்சாலை, அதன் பல்லைச் சுத்தம்செய்யும் சின்ன இறால்கள், கடல் சாமந்திக்குள் கோமாளி மீன்கள், விரலளவு வண்ணக் கடல் நத்தைகள், நேரம் நன்றாக இருந்தால் ஓர் அழுங்காமை. பவளம் மூடிய கப்பல் பீரங்கியையும் வழிகாட்டி காட்டுவார். அதைத் தேடி ஆழத்தில் காற்றைச் செலவழிக்கும் அளவுக்கு அது பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

எதைத் தொடக்கூடாது?

எதையுமே. கையுறை போட்டால் பிடிக்கத் தோன்றும், அதனால் கையுறையே வேண்டாம். கல்லென்று நினைத்துக் கை வைப்பது நஞ்சு முள்ளுள்ள கல்மீனாகவோ தேள்மீனாகவோ இருக்கலாம். முள் குத்திவிட்டால், குத்திய இடத்தைத் தோல் வேகாத அளவு சூடான நீரில், ஏறக்குறைய 45 டிகிரியில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் அமிழ்த்தி வைத்து மருத்துவரிடம் போக வேண்டும். சூட்டைக் குத்துப்படாத கையால் பார்த்துக்கொள்ளுங்கள். வலியில் இருக்கும் கை சூடு உணராது.

டைட்டன் கிளாத்தி என்ற மீன் கூடு கட்டியிருக்கும் காலத்தில் மனிதரையும் விரட்டிக் கடிக்கும். அதன் எல்லை கூட்டிலிருந்து மேல்நோக்கி விரியும் கூம்பு. மேலே ஓடினால் எல்லைக்குள்ளேயே ஓடுவீர்கள். ஃபின்னை அதன் பக்கம் காட்டிக்கொண்டு, கிடைமட்டமாக விலகுங்கள்.

காலைத் தவளைபோல் பக்கவாட்டில் உதைத்து நீந்தினால் மணல் கிளம்பாது. சன்ஸ்கிரீனுக்குப் பதில் முழுக்கை நீச்சலுடை போடுங்கள்.

படி 9: வெளியேறுதல்

மேலே வந்து மிதந்து நீந்துவதைவிட, சரிவைப் பின்பற்றி நீருக்கடியிலேயே இரண்டு மீட்டர் ஆழம்வரை வருவது நல்லது. மேலே அலையும் படகும் தொல்லை. அலை உடையும் கோட்டுக்கு வெளியே தலையை நீட்டி, கரையைப் பார்த்து, இடைவெளிக்குக் காத்திருங்கள். ஃபின்னை அங்கேயே கழற்றிக் கையில் மாட்டுங்கள். ரெகுலேட்டரும் மாஸ்க்கும் கழற்றவே கூடாது. அலை முதுகில் தள்ளும்போது அதோடு வாருங்கள். அது திரும்பி இழுக்கும்போது நின்று, உடலைத் தாழ்த்திக் கற்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். எழ முடியவில்லையென்றால் தவழுங்கள். கரையேறியதும் கடலுக்கு முதுகு காட்டி நின்று அரட்டை அடிக்காதீர்கள், பத்தடி உள்ளே போய்ப் பேசலாம். இதற்கெல்லாம் தெம்பு மிச்சமிருக்க வேண்டும் என்பதற்காகத்தான் 60 பாரில் முடிக்கச் சொன்னேன்.

இரண்டாம் நாளுக்கு

பவளத் தோட்டம் ஆழமற்றது. நீல நாடா விலாங்கும் குட்டிக் கருமுனைச் சுறாக்களும் இருக்கும். விரிகுடாவின் கிழக்கு முனையில் உள்ள செங்குத்துச் சரிவு, பெரிய கடல் விசிறிகளை விரும்புகிறவர்களுக்கு. சற்றுத் தெற்கே செராயாவில் வெறும் கருமணல்தான். ஆனால் கோமாளி இறால், தன் இடுக்கியில் கடல் சாமந்தியைப் பிடித்துக்கொண்டு திரியும் குத்துச்சண்டை நண்டு போன்ற சிற்றுயிர்களுக்கு அதுதான் இடம். பக்கத்து ஊரான குபுவில் 2012இல் வேண்டுமென்றே மூழ்கடித்த போகா கப்பல் ஆழமானது. அட்வான்ஸ்டு சான்றிதழ் இல்லாமல் வேண்டாம்.

நான் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், லிபர்ட்டியில் இரவு டைவ். பகலில் நன்கு பழகிய பிறகு மட்டும். டார்ச்சை மார்போடு அணைத்து மறைத்தால், இருட்டான மூலைகளில் ஒளிமீன்கள் கண்ணுக்கடியில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு போவது தெரியும்.

படி 10: திரும்பும் வழி

பல டைவ்கள் செய்திருந்தால் விமானம் ஏற 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். 24 இருந்தால் நிம்மதி. இது பலருக்கும் தெரியும். தெரியாதது சாலை. துலாம்பெனிலிருந்து உபுட் போகும் ஓட்டுநர்கள் சிலர் கிந்தாமணி மலை வழியைப் பிடிப்பார்கள். அது 1,500 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்குகிறது. டைவ் முடித்த அன்றே அந்த உயரம் ஏறுவது உடம்பிலுள்ள நைட்ரஜனுக்கு நல்லதில்லை. அம்லாபுரா, சந்திதாசா வழியாகத் தாழ்வான பாதையில் போகச் சொல்லுங்கள். ஆகுங் ஏற்றம், பெசாகி கோயில் இரண்டையும் டைவுக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். அல்லது ஒரு நாள் ஓய்வுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பிய அன்றோ மறுநாளோ மூட்டு வலி, தோல் அரிப்பு, மரத்துப்போதல், காரணமில்லாத களைப்பு வந்தால் “கல்லில் இடித்திருக்கும்” என்று தள்ளிப்போடாமல், ஆக்சிஜன் வாங்கிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். டைவ் செய்ததை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். டைவ் கம்ப்யூட்டரையும் கையோடு எடுத்துப் போங்கள். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்று அவர் கேட்கும்போது அதில் பதில் இருக்கும்.